பெயர் போடாத சீட்டுகள்

ஈரச் சீருடையின் வாடை மூக்கில் ஏறினால் நான் இன்றும் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுகிறேன். மழைக்காலத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் மாப்பிள்ளையூரணிப் பக்கத்து அகதி முகாமிலிருந்து மில்லர்புரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு நனைந்துகொண்டே நடந்து வருகிற தர்ஷினி, என்னோடு ஒட்டி உட்காரும்போது அந்த ஈரம் என் பாவாடையிலும் ஊறும். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் அவளுடையது. மற்றவர்களுக்கு அவள் "முகாம்". நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். என் கணக்கு நோட்டு அவளிடமும் அவளுடைய வரலாற்று நோட்டு என்னிடமும் இருக்கும்.

ஒருநாள் அவள் தூக்குச்சட்டியைத் திறந்தபோது யாரோ "ஓசிச் சோறு" என்றார்கள். நாசரேத்திலிருந்து தினமும் வந்துபோகும் ஞானம் டீச்சர் காதில் அது விழுந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, வேறு நாட்டிலிருந்து வந்து நம் ஊரில் இருப்பவர்களைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டதைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார். துறைமுகத்தில் சுமை தூக்கும் என் அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வதை நான் எழுதினேன்: "அவர்கள் வந்ததால்தான் எங்களுக்கு வேலை இல்லை." எழுதும்போது பக்கத்தில் இருப்பவள் யார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

டீச்சர் சீட்டுகளைக் கரும்பலகையில் ஒட்டினார். சும்மா தின்கிறார்கள், வேலையைப் பறிக்கிறார்கள், தங்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதானே. கடைசிச் சீட்டில், "வெளியில் சத்தமாகக் கதைக்காதே, நாங்கள் இங்கே விருந்தாளிகள்" என்றிருந்தது. வகுப்பே தர்ஷினியைத் திரும்பிப் பார்த்தது. அதை ஒட்டியிருக்கக் கூடாது என்று டீச்சருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சீட்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். தர்ஷினி எழுந்து, "நான் இங்க பெரியாஸ்பத்திரியிலதான் பிறந்தனான் டீச்சர். எங்க திரும்பிப் போறது?" என்றாள்.

"சொன்னவங்க நேர்ல பாத்தாங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டாங்களா? வேற காரணம் இருக்குமா? வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று டீச்சர் அனுப்பிவைத்தார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது, "நீங்க நேர்ல பாத்தியளாப்பா?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி சொன்னாரு" என்றார் அப்பா.

"பெரிய கிரேன் வந்த பெறவுதான வேல கொறஞ்சுது?" என்று அப்பாவிடம் கேட்டாள் அடுப்படியிலிருந்த அம்மா. "முகாம் ஆளுவள துறைமுகத்துக்குள்ளயே விடமாட்டாவளே. ஏன், உங்க அப்பாவும் கொழும்புல போயி கடையில நின்னவருதான?"

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

மறுநாள் நான் எழுந்து, வேறு யாரோ எழுதியதைப் போல, "அந்த வேலைச் சீட்டு தப்பு டீச்சர்" என்று கிரேன் கதையையும் தாத்தா கொழும்புக்குப் போன கதையையும் சொன்னேன். டீச்சர் பாராட்டினார். பெருமையோடு உட்கார்ந்தபோது தர்ஷினி மெல்லக் கேட்டாள்: "அது உன்ர எழுத்துதானே?"

"இல்லளா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் என் கணக்கு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, தன் வரலாற்று நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆண்டு முடியும்வரை பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புக்கு வரவில்லை. வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஆம் என்று ஒரு சொல் சொல்ல எனக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன; சொல்லவில்லை.

இப்போது ஞானம் டீச்சர் இல்லை. நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடமும் இல்லை. போன மாதம் முதன்முறையாக அந்த முகாமுக்குப் போனேன். தகரக் கொட்டில்கள் போய் வரிசையாகச் சிமெண்டு வீடுகள் நிற்கின்றன. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் தர்ஷினி குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன்.

"அவை போய்க் கன வருசம். எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றவர், நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் அவளின்ர சிநேகிதியோ?" என்றார்.

"ஒரே வகுப்பு" என்றேன்.