இன்னொருத்தர் பேரில் அடித்த கோல்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் பாரிசின் வடக்குப் புறநகர் மைதானங்களில் என்னைவிடக் கூடுதலாகக் கோல் அடித்த தமிழன் இருந்தால் கையைத் தூக்கட்டும். தூக்க ஆள் இல்லை. தமிழனை விடுங்கள். அல்ஜீரியாக்காரன், போர்த்துக்கல்காரன், பிரெஞ்சுக்காரன் என்று எவனை எடுத்தாலும் எனக்கு மேலே ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிசயம். ஆனால் அதைக் காட்டு என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. இரண்டு சீசன் நான் அடித்த கோல் அத்தனையும் வேறொருவருடைய பேரில் பதிந்து கிடக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

மன்னார்க் கரையில் மணலில் விளையாடிப் பழகிய கால்கள் என்னுடையவை. மணலில் ஓடியவனுக்குப் புல்லில் ஓடுவது படியிறங்குகிற மாதிரி. பாரிசுக்கு வந்து லா சப்பலில் ஓர் அறையில் ஒன்பது பேரோடு படுத்து, ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மட்டும் லீவு. அப்படியொரு ஞாயிறு, ஒபர்வில்லியேப் பக்கம் நடந்துபோனபோது வேலிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். அவர்களுடைய சென்டர் போர்வேட் வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அனுப்பினான். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டி உள்ளே போனேன். என்னை நோக்கி ஏதோ கத்தினார்கள். பந்தைக் காட்டி, கோலைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டினேன். பத்து நிமிடம் விட்டார்கள். போட்டிருந்த காற்சட்டையோடும் வேலைச் சப்பாத்தோடும் மூன்று கோல் அடித்தேன்.

பயிற்சியாளர் என் தோளில் கைபோட்டு அலுவலக அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே செயலாளர் பெண்மணி கடதாசி கேட்டார். என்னிடம் இருந்தது அகதி வழக்கு முடியும்வரைக்கும் என்று பிரிபெக்சர் அலுவலகத்தில் கொடுத்த மூன்று மாதத் துண்டு. மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கியிருந்தது. அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இதற்கு லைசென்ஸ், அதுதான் படம் ஒட்டிய ஆட்டக்காரர் அட்டை, எடுக்க முடியாதாம். லைசென்ஸ் இல்லாமல் மாட்ச் விளையாட முடியாது.

அந்த நேரம் மூலையில் கதிரையில் இருந்த ஒருவர் தமிழில் பேசினார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை, அரசாங்க அலுவலகத்தில் வேலை. அந்தக் கிளப்பின் இரண்டாவது அணியில் பின்வரிசையில் நிற்கிறவர்.

"தம்பி, என்னோட லைசென்ஸ் சும்மாதான் கெடக்குது. முட்டி போயிடுச்சு, இந்த வருஷம் நான் ஆடப்போறதில்ல. எம் பேருல நீங்க ஆடுங்க."

"அண்ணை, படத்திலை உங்கடை முகமெல்லோ இருக்கு?"

"மீசைய வளருங்க. இவங்களுக்கு நீங்களும் நானும் ஒண்ணுதான்."

பயிற்சியாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் பெண்மணிக்குத் திடீரென்று அலுமாரியில் ஏதோ தேட வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் அவரானேன்.

மாட்ச் தொடங்க முதல் றெப்றி, அதுதான் நடுவர், ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மீசையைப் பார்ப்பார். சரி என்பார். இரண்டு சீசனில் ஒருத்தர்கூட என்னை இரண்டாந்தரம் திரும்பிப் பார்க்கவில்லை. அது முதலில் நிம்மதியாக இருந்தது. போகப்போக வயிற்றெரிச்சலாக வந்தது.

அடித்தேன் பாருங்கள், சும்மா அடி இல்லை. மழையில் அடித்தேன், பனி உறைந்த தரையில் அடித்தேன். கோர்னர் வந்தால் என்னைவிட ஒரு முழம் உயர்ந்தவன்களுக்கு நடுவில் எழும்பித் தலையால் அடித்தேன். லெ பிளாங்-மெனிலில் ஒரு மாட்சில் முதல் பாதியிலேயே நாலு. மாட்ச் முடிய ஒரு கடித உறை தருவார்கள், மெற்றோ ரிக்கற்றும் தருவார்கள். சங்கம் நடத்தவும் கூட்டம் கூட்டவும் எங்களுக்குள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் லா சப்பலில் பந்துக்காகச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பாண்டிச்சேரி அண்ணைக்கு அடிக்க வேண்டும். அது அவர் போட்ட நிபந்தனை. உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய பேர் வருகிறது, அலுவலகத்தில் கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டும்.

"எத்தன?"

"இரண்டு அண்ணை."

"எந்தக் காலு?"

"ஒண்டு இடது, மற்றது தலை."

"தலையா? எங்கேர்ந்து வந்துச்சு பந்து? விவரமா சொல்லுங்க தம்பி, எங்க ஆபீஸ் ஷெஃபே ஃபுட்பால் பைத்தியம், நோண்டி நோண்டிக் கேக்கறாரு."

விவரமாகச் சொல்வேன். அறையில் இருந்தவர்களுக்கு இது பெரிய பகிடி. நான் வாசலால் உள்ளே வந்தாலே ஒருத்தன் எழும்பி, "வாங்கோ பாண்டிச்சேரி!" என்பான். இன்னொருத்தன், "டேய், நீ அடிக்கிறாய், அந்தாள் கோப்பி குடிக்கிறார். நல்ல தொழில்தான்" என்பான். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

இரண்டாவது சீசனில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். பாண்டிச்சேரி அண்ணை அவருடைய ஊர்க்காரர் நாலைந்து பேருக்கு நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. "பந்து வலதுபக்கம் வருது, நான் பார்த்தேன், கீப்பர் ஒரு அடி முன்னால வந்துட்டான், அப்படியே மேலால தூக்கிப் போட்டேன்" என்றார். நான் திங்கட்கிழமை கூண்டில் நின்று சொன்ன அதே சொற்கள். கையையும் என்னைப்போலவே தூக்கிக் காட்டினார். முழங்கால் போன மனிசன்! கேட்டவர்கள் "ப்ராவோ" என்றார்கள். நான் மெற்றோ எடுத்து வந்துவிட்டேன். 

அடுத்த மாதம்தான் எங்கள் மாட்ச் ஒன்றைப் பார்க்க வேல்ஸ்காரன் வந்தான். பொபினிப் பக்கம் எங்களைவிட மூன்று படி மேலே விளையாடுகிற கிளப் ஒன்றுக்கு அவன்தான் பயிற்சியாளர், அவன்தான் சென்டர் போர்வேட். முப்பத்தெட்டு வயது, தூண் மாதிரிக் கால், எப்போதும் சிவந்த காது. தன் ஊரில் கிழமை நாட்களில் இரும்பாலையில் வேலை, சனிக்கிழமை காசுக்குக் கோல். அப்படிப் பதினைந்து வருசம் அடித்தவன். ஆலை மூடியதும் பிரெஞ்சுக்கார மனைவியோடு இங்கே வந்து, அந்தக் கிளப் தலைவருடைய ஒபர்வில்லியேக் கிடங்கில் லொறி ஓட்டினான். எனக்கும் அவனுக்கும் பிரெஞ்சு சரிசமமாகத் தெரியாது. அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

மாட்ச் முடிந்து என்னிடம் வந்தான். தான் அடித்த கோல்களைச் சொன்னான். நான் என்னுடையதைச் சொன்னேன். அவன் இன்னும் கொஞ்சம் கூட்டினான். நானும் கூட்டினேன். கடைசியில், "என் கால் முடிந்துவிட்டது, என் இடத்துக்கு நீ வா" என்றான். கிடங்கில் நிரந்தர வேலை, சம்பளத் துண்டு, மாட்சுக்கு வேறாகக் காசு. கோப்பை கழுவுகிறவனுக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். சந்தோசத்தில், "நன்றி, இங்கிலீஷ்காரா" என்றேன். அவன் விரலால் என் நெஞ்சில் குத்தினான். "இங்கிலீஷ்காரன் இல்லை. வேல்ஸ்." அது பக்கத்து நாடாம், வேறு சனமாம். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். யார் பேரில்? சந்தேகமே இல்லை, லைசென்சில் இருக்கிற அவர் பேரில்தான். பாண்டிச்சேரி அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன், பெரிய கிளப்பு கூப்பிட்டிருக்குன்னு. என் ஐடென்டிட்டி கார்ட எடுத்துட்டுப் போங்க. கையெழுத்த மட்டும் நல்லாப் பழகிக்குங்க."

ஒரு கிழமை பழகினேன். ரெஸ்ரோறன்ற் ஓடர்த் துண்டுகளின் பின்பக்கத்தில், கோப்பைகளுக்கு நடுவில் நின்று, ஈரக் கையோடு. வளைந்து வளைந்து போகிற கையெழுத்து, கடைசியில் ஒரு பாம்பு வால். என் சொந்தப் பேரை நான் அவ்வளவு தடவை எழுதியது கிடையாது. எழுத எழுத ஒரு யோசனை வந்தது. இனி வேலையும் அவர் பேரில், சம்பளமும் அவர் பேரில், பென்சனும் அவர் பேரில். செத்தாலும் அவரைத்தான் புதைப்பார்கள், நான் எங்கே போவேன்?

லா சப்பல் மெற்றோப் பாலத்துக்கு எதிரே இருந்த கஃபே ஒன்றில் சந்திப்பு. சனிக்கிழமை மத்தியானம். மேலே ரயில் போகும்போதெல்லாம் மேசையில் கிளாசுகள் கிலுகிலுத்தன. தலைவர் வந்தார், பெரிய வயிறு, நல்ல கோட். வேல்ஸ்காரன் பக்கத்தில். நான் எதிரே, சட்டைப் பையில் பாண்டிச்சேரி அண்ணையின் அடையாள அட்டை. அவர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து, பார் கவுண்டரில் முதுகு காட்டி நின்று கோப்பி குடித்தார். தன் பேரில் ஒப்பந்தம் நடப்பதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

தலைவர் கடதாசிகளை விரித்தபடி சொன்னார்: "எங்கள் இங்கிலீஷ்காரன் ஒரு மாதமாக உன்னைப் பற்றித்தான் பேச்சு."

வேல்ஸ்காரன், "வேல்ஸ்" என்றான்.

தலைவர் சிரித்தார். "எல்லாம் ஒன்றுதானே."

வேல்ஸ்காரன் மேசையில் ஓங்கி அடித்தான். அந்த நேரம் ரயில் எதுவும் போகவில்லை, ஆனால் கிளாஸ் ஒன்று விழுந்தது. "ஒன்றில்லை! ஏழு வருசம் உனக்கு லொறி ஓட்டுகிறேன். ஒன்றில்லை!"

கஃபே முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவர் கையைத் தூக்கிச் சரி சரி என்றார். பேனையை என் பக்கம் தள்ளினார்.

எடுத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். ஒரு கிழமையாகப் பழகிய வளைவு கைக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு, என் பேரை எழுதினேன். தமிழில். கையெழுத்துக் கோட்டுக்கு மேலும் கீழும் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரிப் பெரிதாக எழுதினேன்.

"இது என்ன எழுத்து?" என்றார் தலைவர்.

"என் பேர்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "லைசென்சில் இருக்கிறது நானில்லை. கோல் அடித்தது நான். அந்தப் பேரில் வேண்டாம். என் பேரில் எழுதுவீர்கள் என்றால் திங்கட்கிழமை வருகிறேன்."

கவுண்டரில் இருந்த முதுகு அசைந்தது. பாதிக் கோப்பியோடு கதவு திறந்து மூடியது. நான் அந்தப் பக்கம் கையைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த மனிசனுடைய அரசாங்க வேலை அன்றோடு போயிருக்கும். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் கடதாசிகளை அடுக்கினார், கோட்டின் பொத்தானைப் போட்டார், எழும்பிப் போனார். வேல்ஸ்காரன் இருந்தான். அவனாவது தோளில் தட்டுவான் என்று நினைத்தேன். அவன் காது இன்னும் சிவந்தது.

"முட்டாள்! ஒரு மாதம் அந்தாளிடம் கெஞ்சினேன். அந்த வேலைக்கு நான் என்றால் பிசாசின் பேரிலும் கையெழுத்து வைத்திருப்பேன்."

"நீயா? ஒரு சொல்லுக்கு மேசையை உடைக்கப் பார்த்தாய். நீ வைப்பாயா?"

 அவன் விழுந்த கிளாசை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த வேலையும் அவனோடு போனது.

வெளியே பாலத்துக்குக் கீழே பாண்டிச்சேரி அண்ணை நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. அட்டையைக் கொடுத்தேன்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? திங்கக்கிழம ஆபீஸ்ல நான் என்ன சொல்றது?"

"முழங்கால் போயிட்டுது எண்டு சொல்லுங்கோ அண்ணை. பொய்யுமில்லை."

அவர் கோபமாகப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்த தலையால போட்டது மட்டும் என்னோடதுன்னு இருக்கட்டுமே" என்றார். "ஒண்டும் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் அந்தக் கோல்கள் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. என் பழைய கிளப், கள்ள லைசென்ஸ் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த வருசம் ஆகக் கூடுதலாகக் கோல் அடித்ததற்கான கிண்ணத்தையும் அவரே போய் வாங்கினாராம்.

அதற்குப் பிறகு இரண்டு வருசம் நான் ஒரு மாட்ச் விளையாடவில்லை. அறையில் இருந்தவர்கள் விசர் என்றார்கள். "பேர் என்ன சோறு போடுமோ?" என்று ஒருத்தன் கேட்டான். "போடாது, ஆனால் என்ரை" என்றேன். காலையில் கால்வாய்க் கரையில் ஓடினேன், பிறகு போய்க் கோப்பை கழுவினேன். என் அகதி வழக்கு முடிந்து பத்து வருச வதிவிட அட்டை கிடைத்த அதே கிழமை, வேறொரு சின்னக் கிளப்பில் போய் லைசென்ஸ் எடுத்தேன். என் படம், என் பேர். மீசையை வழித்துவிட்டுத்தான் படம் பிடித்தேன். கடைசிப் பிரிவு. முப்பத்தியொரு வயது.

முதல் மாட்ச். மழை. ஒரு கோர்னர் வந்தது. நானும் எதிரணிப் பின்வரிசைக்காரன் ஒருவனும் சேர்ந்து சேற்றில் விழுந்தோம். பந்து என் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. என் வாழ்க்கையிலேயே வடிவில்லாத கோல். றெப்றி நடுக்கோட்டைக் காட்டிவிட்டு, அந்தப் பின்வரிசைக்காரனைக் காட்டினார். அவன் தன் கோலுக்குள் தானே போட்டுக்கொண்டானாம்.

விடுவேனா? ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றேன். முழங்கால் சேற்றைக் காட்டினேன். "இது என்னுடையது" என்றேன். போ என்றார். போகவில்லை. "அவன் தொடவே இல்லை, அவனையே கேள்!" பின்வரிசைக்காரன் சந்தோசமாகத் தலையாட்டினான், தான் தொடவில்லை என்று. றெப்றிக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மஞ்சள் அட்டையைத் தூக்கினார். குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "பேர்?"

சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். நீளமான பேர். மழைத்துளி விழாமல் புத்தகத்துக்கு மேலே என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அதையும் திருத்துவித்தேன். எங்கள் கப்டன் வந்து என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான், இன்னொரு சொல் பேசினால் சிவப்பு என்று.

அந்தக் கோலைத் தரவில்லை. பரவாயில்லை. இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு அடித்தேன், தூரத்தில் இருந்து, எவனும் கிட்ட வராதபடி.