சிங்கத்துக்கு மணி எத்தனை?

சிங்கத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கும் தொழிலில் ஒரே ஒரு சிக்கல்தான்: நாம் பணம் வாங்கிய விஷயம் சிங்கத்துக்குத் தெரியாது.

நான் இருப்பது பெங்களூர் ஒக்கலிபுரம். வேலை, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பேக்கரி மாடியில் இருக்கும் சிறிய டிராவல் கம்பெனியில். அங்கே என் மேஜைக்கு 'நைரோபி டெஸ்க்' என்று பெயர். கென்யாவுக்கு வியாபாரம், மிஷின் வேலை, சொந்தக்காரர் வீடு என்று போகிறவர்களுக்கு நடுவில் ஒருநாள் லீவு கிடைக்கும். அந்த ஒருநாளில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, நாட்டியம், நல்ல சாப்பாடு எல்லாவற்றையும் காட்டி, மறுபடி ஓட்டலில் கொண்டுவிட ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. அந்தப் பக்கம் வண்டி ஓட்டி, வழிகாட்டியாகவும் இருப்பவர் கமாவு. இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் நைரோபியைப் பார்த்ததே கிடையாது. பன்னேர்கட்டாவில் கம்பிக்குப் பின்னால் தூங்கிய சிங்கம்தான் எனக்குத் தெரிந்த ஒரே சிங்கம். இருந்தும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எனக்கு 'சிங்கம் ஸ்டெல்லா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. எங்கள் மேனேஜர் மஞ்சுநாத் சார் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாக்குக் கொடுத்தார். ஒரு வருஷம் புகார் இல்லாமல் டெஸ்க்கை ஓட்டினால் கம்பெனி செலவில் என்னை நைரோபிக்கு அனுப்புவார். கூடவே, கன்னடம் கலந்த அவர் தமிழில், ஒரு கண்டிஷனும் போட்டார். "ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் டிரிப் கேன்சல் அம்மா. ஆய்தா?"

போனில் பதில் சொல்லிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, புகார் இல்லாமல் ஒரு வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் தெரியும் கட்டடம்

நைரோபியில் சிங்கம் திரியும் காடு, அதாவது நேஷனல் பார்க், ஊரை ஒட்டியே இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியைப் போட்டோ எடுத்தால் அதன் தலைக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். அதுதான் அந்த இடத்தின் பெருமை. அந்தப் பெருமையை நான் ஒரு டீச்சரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மகள் அங்கே பிரசவித்திருந்தாள், பார்க்கப் போகிறவர்.

பத்து நிமிஷத்தில் போன். போட்டோவைப் பெரிதுபடுத்திப் பார்த்திருக்கிறார், ஜன்னல்கூடத் தெரிகிறதாம். கட்டடம் இருக்கிற இடத்தில் சிங்கம் எப்படி இருக்கும், சிங்கம் இருக்கிற இடத்தில் யார் வீடு வாங்குவார்கள் என்று ஒரே கேள்வி. நடுவில் வேலி இருக்கிறது என்றேன். அப்படியானால் அது மிருகக்காட்சிசாலைதானே என்றார். இல்லை மேடம், வேலி மூன்று பக்கம்தான், நான்காவது பக்கம் திறந்தவெளி என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கமாவுக்கு மெசேஜ் போட்டு, உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி அவரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"சரிம்மா, நான் வர்றேன். ஆனா நான் போட்டோ எடுக்கறப்ப அந்த பில்டிங்கை மட்டும் கொஞ்சம் நகத்தச் சொல்லு. எங்க ஸ்கூல்ல யாரும் நம்ப மாட்டாங்க."

அத்திபெலே கேரண்டி

அத்திபெலேயில் ரோஜா வியாபாரம் செய்கிற ஒருவர். கென்யாவின் ரோஜாத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறார், நடுவில் ஒருநாள் சிங்கம். வாரம் முழுக்கத் தினமும் போன். சிங்கம் நிச்சயமா? எத்தனை? எந்தப் பக்கம் நிற்கும்? வண்டியில் இடதுபக்க ஸீட்டா, வலதுபக்க ஸீட்டா? வராவிட்டால் என்ன செய்வீர்கள்? அவர் குரலைக் கேட்டாலே புகார் எழுதப் போகிற குரலாகத்தான் எனக்குத் தோன்றியது. அவர் பார்க்குக்குப் போன காலையில் நான் ஆபீசில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கமாவுவிடமிருந்து செய்தி வந்தது. ஆண் சிங்கம், வண்டிக்கு மிக அருகில், நன்றாகப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. ஊர் திரும்பியதும் அவரே கூப்பிட்டார். சிங்கம் எப்படி இருந்தது, பிடரி எவ்வளவு பெரிது, கர்ஜித்ததா என்று நான்தான் ஆவலாகக் கேட்டேன். அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"சிங்கமா? ஆமாம்மா, இருந்துச்சு, பரவால்ல. அத விடு. அங்க ரோஜாவுக்குக் காம்பு எவ்ளோ நீளம் தெரியுமா? முழங்கை நீளம்மா! நான் ராத்திரி தூங்கவே இல்ல."

குதித்தவர்

பாங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மனைவியோடு, நாட்டியம் பார்க்கப் போனார். முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறார். அங்கே மசாய் என்ற பழங்குடி இளைஞர்கள் நின்ற இடத்திலேயே உயர உயரக் குதிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் பார்வையாளர்களையும் கைபிடித்து இழுத்துவிடுவார்கள். சாரையும் இழுத்துவிட்டார்கள். சாயங்காலம் அவரிடமிருந்து எனக்கு ஒரு நீளமான மெசேஜ். முட்டி வலி, முன்னறிவிப்பு இல்லை, யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். என் டிரிப் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நைரோபியில் ஐஸ்கட்டி எங்கே கிடைக்கும் என்று நான் பெங்களூரில் உட்கார்ந்து தேடினேன்.

மறுநாள் காலை அவர் மனைவி கூப்பிட்டார். புகார் எல்லாம் கிடையாதாம், வீடியோ இருந்தால் உடனே அனுப்ப வேண்டுமாம். கமாவு எடுத்ததை அனுப்பினேன். அதில் சார் குதித்த உயரத்தைப் பார்த்து எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த அம்மா சொன்னது இதுதான்: "எங்க கல்யாணத்துல ரெண்டு அடி நகர்ந்து நில்லுங்கன்னு போட்டோகிராபர் சொன்னப்ப முடியாதுன்ன மனுஷன்மா இவரு."

சாயம் போன களி

பார்க்குக்குப் போகிறவர்களுக்கு மதியம் உள்ளூர்ச் சாப்பாடு உண்டு. ஒருநாள் மெனுவைச் சரிபார்க்க கமாவுவிடம் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நடுவில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று இருந்தது. பெயர் உகாலி, மக்காச்சோள மாவில் கிண்டுவது, கையால் பிய்த்துக் கீரையோடு தொட்டுச் சாப்பிடுவது என்று எழுதியிருந்தார். நான் அதை 'ஆப்பிரிக்கப் பாரம்பரிய உணவு' என்று பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போட்டு மஞ்சுநாத் சாரிடம் காட்டினேன். சார் மண்டியாக்காரர், கேழ்வரகுக் களியை 'முத்தெ' என்று சொல்லித் தினமும் சாப்பிடும் ஊர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனம்மா இது? நம்ம முத்தெ! கேழ்வரகு போட மறந்துட்டாங்க, அஷ்டே. இதுக்காகவா ஜனங்க ஃப்ளைட் ஏறிப் போறாங்க?"

பீன்யாக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை

எல்லாக் குழப்பத்துக்கும் தாய்க் குழப்பம் இது. வேறு யாரும் காரணமில்லை, என் அதிகப்பிரசங்கித்தனம்தான் காரணம்.

கமாவு என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். காலைப் பயணம் என்றால் 'ஆறு' என்பார், மதியப் பயணம் என்றால் 'பன்னிரண்டு' என்பார், எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் சும்மா இருக்காமல் யூடியூபில் ஸ்வாஹிலி எண்களைக் கற்றுக்கொண்டு அவரிடம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒப்பித்தேன். மனிதர் பூரித்துப்போய், அன்றிலிருந்து வாய்ஸ் மெசேஜ்களை ஸ்வாஹிலியில் அனுப்ப ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பீன்யாவில் பேக்கிங் மிஷின் செய்யும் தொழிற்சாலையிலிருந்து முருகேசன், செல்வம் என்று இரண்டு ஃபிட்டர்கள் போனார்கள். மிஷினை மாட்டி முடித்து, ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, திங்கள் ஊருக்கு ஃப்ளைட். "அக்கா, சிங்கம் பாக்காம வந்தா பீன்யால தலை காட்ட முடியாதுக்கா" என்றான் முருகேசன். ஞாயிறு எத்தனை மணிக்கு வண்டி என்று கமாவுவைக் கேட்டேன். "கூமி ந ம்பிலி" என்று பதில் வந்தது. பத்தும் இரண்டும், பன்னிரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியம் பன்னிரண்டுக்குத் தயாராக இருங்கள், காலையில் நன்றாகத் தூங்குங்கள் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கமாவு மெசேஜ் அனுப்பினார். "மேடம், விருந்தாளிகளை எழுப்பி ஏற்றிக்கொண்டேன். கடற்கரைக்குப் போகிறவர்கள் மாதிரி இடுப்பில் துணி சுற்றியிருக்கிறார்கள். நாம் பார்க்குக்குத்தானே போகிறோம்?" அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது. பையன்கள் லுங்கியோடு வண்டி ஏறியிருக்கிறார்கள்.

பிறகுதான் விளங்கியது. அந்த ஊர்க் கணக்கில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. விடிந்து ஒரு மணி நேரமானால் மணி ஒன்று. நம் பஞ்சாங்கத்தில் நாழிகையை உதயத்திலிருந்து எண்ணுகிற மாதிரிதான். அவர்கள் பாஷையில் பன்னிரண்டு என்றால் நம் கடிகாரத்தில் காலை ஆறு. இங்கிலீஷில் பேசும்போது அவர்களும் நம் கடிகாரத்தைத்தான் சொல்வார்கள். நான் பாஷையை மட்டும் கற்றுக்கொண்டு கடிகாரத்தை விட்டுவிட்டேன்.

புகார் நிச்சயம் என்று திங்கட்கிழமை பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனேன். மஞ்சுநாத் சார் முருகேசன் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். பெண் சிங்கம் குட்டிகளோடு ரோட்டை மறித்துக்கொண்டு படுத்திருந்ததாம். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தான். கடைசி வரியைச் சார் இரண்டு முறை படித்தும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பன்னெண்டு மணிக்கு வர்றோம்னு சொல்லி ஆறு மணிக்கே வந்து எழுப்பிட்டாங்க. இவ்ளோ சின்சியரான கம்பெனிய நான் பாத்ததே இல்ல."

சொன்ன மணி, கேட்ட மணி

அதன்பின் சார் ஒரு சட்டம் போட்டார். நேரத்தைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் போட வேண்டும், ஏ.எம்., பி.எம். கட்டாயம், வாய்ஸ் மெசேஜில் மணியே பேசக்கூடாது. நான் என் பங்குக்கு 'கமாவு சொன்னால் ஆறு கூட்டு' என்று சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டேன். வருஷம் முடிந்தது, ஒரு புகாரும் இல்லை. மஞ்சுநாத் சார் வாக்குத் தவறாமல் டிக்கெட் போட்டார். பாடகர் குழுவில் எனக்காக ஜெபம்கூடச் செய்தார்கள்.

மும்பை வழியாகப் போய்ச் சாயங்காலம் இறங்கினேன். மறுநாள் பார்க், அதற்கடுத்த நாள் முழுக்க ஓட்டல்களைப் பார்க்கும் ஆபீஸ் வேலை, பிறகு ஊர். எனக்கும் சிங்கத்துக்கும் அந்த ஒரே நாள்தான். ஊழியர் பயணம் என்பதால் கம்ப்யூட்டரில் நேரம் எதுவும் போடவில்லை. ஓட்டலில் விட்டபோது கமாவு இங்கிலீஷில், வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்: "நன்றாக ஓய்வெடுங்கள் மேடம். நாளைக்கு ஆறு." மானிட்டர் சீட்டின்படி ஆறோடு ஆறு பன்னிரண்டு. களைத்து வந்தவளுக்காக மதியப் பயணம் வைத்திருக்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

நல்ல தூக்கத்தில் அறை போன் அடித்தது. டிரைவர் வந்திருக்கிறார் என்றாள் ரிசப்ஷன் பெண். நான் பெரிய மனுஷியாக, "உங்க ஊர்க் கணக்கு எனக்குத் தெரியும்மா, ஆறு கூட்டணும். பன்னெண்டுக்குத்தான் வண்டி" என்று இங்கிலீஷில் பாடம் நடத்திவிட்டுப் போனை வைத்தேன். மறுபடி அடித்தபோது ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுவிட்டேன்.

மதியம் குளித்து, புதுத் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினால், கமாவு அங்கிருந்த பேப்பர்களையெல்லாம் படித்து முடித்து உட்கார்ந்திருந்தார். "மேடம், உங்களுக்காகத்தான் உங்கள் கடிகாரத்தில் ஆறு என்று சொன்னேன்" என்றார். "நான் உங்களுக்காகத்தான் ஆறு கூட்டினேன்" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போனோம். வெயிலில் வரிக்குதிரைகள் நின்றன, நெருப்புக்கோழி ஓடியது, ஒட்டகச்சிவிங்கியும் அதன் பின்னால் டீச்சரம்மாவின் கட்டடங்களும் தெரிந்தன. சிங்கம் எந்தப் புல்லுக்குள் தூங்கியதோ, கடைசி வரைக்கும் கண்ணில் படவில்லை. காலையில் நான்கு சிங்கங்கள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்ததாக வேறொரு டிரைவர் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். இறக்கிவிடும்போது கமாவு ஒரு யோசனை சொன்னார்.

"மேடம், இனிமேல் நம் இரண்டு பேருக்கும் மணி வேண்டாம். விடிந்ததும் வருகிறேன் என்று சொல்கிறேன், நீங்கள் ஜன்னலைத் திறந்து பாருங்கள்."

புகார்

ஊர் திரும்பியபின், பதிவுக்காக என் பெயரையும் பயணிகள் வரிசையில் சார் ஏற்றியிருக்கிறார். 'உங்கள் பயணம் எப்படி இருந்தது?' என்று எங்கள் கம்பெனியிலிருந்தே எனக்கு மெயில் வந்தது. பாடகர் குழுவினர் சர்ச் வாசலில் என்னை நிற்க வைத்து "சிங்கம் எங்க?" என்று கேட்ட கோபத்தில் இருந்தேன். சிங்கம் காட்டவில்லை, நேரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று மனசில் இருந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் மஞ்சுநாத் சார் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தார், கீழே இருந்த பெயரைப் பார்க்காமலே.

"ஸ்டெல்லா, யாரம்மா இந்த கஸ்டமர்? ரொம்ப கோவத்துல இருக்காங்க. மரியாதையா ஒரு பதில் எழுதிடு, ஆய்தா?"

ஊரார்க்கெல்லாம் சிங்கம் காட்டிய நைரோபி டெஸ்க்குக்கு இதுவரை வந்த ஒரே புகார் நான் கொடுத்ததுதான் என்பதால், 'அன்புள்ள மேடம், சிங்கம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை' என்று எனக்கு நானே எழுத ஆரம்பித்த பதில், எனக்கே சமாதானமாகாமல் இன்னும் பாதியிலேயே நிற்கிறது.