இரண்டு ‘இதேபோல்’களுக்கு நடுவே

கல்லூரியில் அவளுக்கு ‘ஒருநிமிஷம் மேடம்’ என்று பெயர். மாணவர்கள் கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லமாட்டாள். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு “ஒரு நிமிஷம்” என்பாள். அந்த நிமிஷம் சில நாட்களில் மணியடிக்கும் வரை நீளும். ஒருமுறை வெள்ளிக்கிழமை கேட்ட கேள்விக்குத் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் பதில் சொன்னாள். கேட்டவனுக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது. அவள் விடவில்லை, கேள்வியையும் அவனுக்கு ஞாபகப்படுத்தி, பிறகு பதிலையும் சொல்லி உட்காரவைத்தாள்.

தெருவில் அவளை ‘கம்ப்யூட்டர் டீச்சர்’ என்பார்கள். அதனால் தெருவில் எந்தப் பிரின்டர் மக்கர் செய்தாலும் அவள் வீட்டு மாடிப்படி ஏறும். அவளுக்குப் பிரின்டரைத் திறக்கவே தெரியாது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர்தான் தம் சின்ன ஸ்க்ரூடிரைவர்களைக் கொண்டு அவற்றைச் சரிசெய்து அனுப்புவார். நல்ல பெயர் மட்டும் மனைவிக்குப் போகும். அதில் அவருக்கு வருத்தமில்லை.

அவள் படித்தது வேறு. ஒரே நேரத்தில் ஓடும் பல கம்ப்யூட்டர் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரே இருக்கைக்கு இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நொடியில் இரண்டு பேர் டிக்கெட் கேட்டால் யாருக்குக் கொடுப்பது என்பது மாதிரி விவகாரங்கள். இது அதற்காகக் காத்திருக்க, அது இதற்காகக் காத்திருக்க, இரண்டும் அப்படியே நின்றுபோய்விடக் கூடாது. நிற்காது என்று ஓட்டிப் பார்த்துச் சொன்னால் போதாது. நிற்கவே முடியாது என்று தாளில் நிரூபிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், கல்லூரி வேலையையும் விடாமல், முனைவர் பட்டத்துக்குப் பதிந்து இதில் இறங்கியிருந்தாள்.

வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. கணவரின் தங்கை அவர்களோடுதான் இருந்தாள். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் வேலை. வாய் சற்று நீளம். “ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்னு கண்டுபிடிக்க இத்தனை வருஷமா அண்ணி? என் கவுன்ட்டர் முன்னாடி அரைமணி நேரம் நின்னு பாருங்க, பட்டத்தைக் கையில குடுத்து அனுப்பறேன்” என்பாள். ஆனால் சனிக்கிழமை மதியங்களில் சாப்பாட்டு மேசையை அவள்தான் துடைத்துக் காலிசெய்து வைப்பாள். அண்ணன் அங்கே கண்ணாடிச் சட்டங்களைப் பரப்பினால் விரட்டிவிடுவாள்.

சனிக்கிழமை மதியம் ஸ்பீக்கர் தம்பியின் நேரம். அது நாத்தனார் வைத்த பெயர். வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில் இதே விஷயத்தை ஆராய்கிறவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மேசை நடுவில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பாதி நேரம் இருபுறமும் மௌனம்தான். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று வீட்டிலிருப்பவர்கள் எட்டிப்பார்ப்பார்கள்.

அப்படிச் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒரு கருத்தரங்குக்குத் தேர்வானது. இந்தத் துறைக்காரர்கள் மட்டும் கூடும் சின்னக் கருத்தரங்கு, இரண்டு நாள், அதுவும் அவளுடைய ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே. அவள் பட்டத்துக்கு வேண்டியிருந்தது இப்படி ஒரு கட்டுரைதான். இதற்கு முன் அனுப்பியவையெல்லாம் சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பி வந்திருந்தன. கல்லூரி முதல்வர், “ரெண்டு நாள் லீவா? லேப் பரீட்சைய யார் பாத்துக்கறது?” என்று இழுத்ததும், மற்ற நாட்களில் சக ஆசிரியைகளின் மேற்பார்வை வேலையையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு விடுப்பு வாங்கினாள். கூட்டாளியான ஸ்பீக்கர் தம்பிக்கு அவர் கல்லூரியில் விடுப்புக் கிடைக்கவில்லை. மேடையேற வேண்டியது அவள் ஒருத்திதான்.

கட்டுரையின் தேற்றம் இதுதான்: நாங்கள் சொல்லும் விதிகளின்படி பேசும் எந்த இரண்டு நிரல்களும் ஒருநாளும் நின்றுபோகாது. நிரூபணத்தை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நிரல் பேச்சைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது அவள் பாதி. இரண்டாவது தொடங்கினால் என்ன ஆகும் என்பது அவர் பாதி.

கருத்தரங்குக்கு முந்தைய நாள் மதியம், திரையில் காட்ட வேண்டிய படங்களை அவள் தயார்செய்துகொண்டிருந்தாள். இரண்டு நிரல்களும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, செய்திகள் வழியில் குறுக்கே கடந்துபோகும் நிலைக்கும் ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ‘அந்த நிலைக்கான உங்க நிரூபணத்தை அனுப்புங்க’ என்று கூட்டாளிக்குச் செய்தி தட்டினாள். அவள் செய்தி போன அதே நொடியில் அவருடைய செய்தி வந்து விழுந்தது: ‘மேடம், ரெண்டு பேரும் சேர்ந்து பேசற நிலை உங்க பாதியில எந்தப் பக்கம்?’

அவள் உடனே அவரைக் கூப்பிட்டாள், லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டாள், பிஸி. அங்கே அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கட்டுரையை எடுத்துப் பார்த்தாள். அவள் பாதியின் முடிவில் அவளே எழுதியிருந்தாள்: ‘இருவரும் ஒரே சமயத்தில் பேசும் நிலையும் இதேபோல்; இரண்டாம் பாதியில் காண்க.’ அவர் பாதியின் முடிவில் அவர் எழுதியிருந்தார்: ‘அந்த நிலையும் இதேபோல்; முதல் பாதியில் காண்க.’ கணக்குக்காரர்களின் பழக்கம் இது. ஒரே மாதிரி வரும் விஷயத்தை இரண்டு தரம் எழுதமாட்டார்கள். ‘இதேபோல்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இங்கே அந்தப் பாதி இந்தப் பாதியைக் கைகாட்ட, இந்தப் பாதி அந்தப் பாதியைக் கைகாட்ட, நடுவில் நிரூபணம் என்று ஒரு வரியும் இல்லை. ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கக் கூடாது என்று நிரூபிக்க வந்த கட்டுரையே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. கட்டுரையைச் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களும் கவனிக்கவில்லை.

ஒருவழியாகப் போன் கிடைத்தபோது கூட்டாளியின் குரல் இறங்கியிருந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பேச இருப்பது இருபது நிமிஷம். இதை யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை. கருத்தரங்கு முடிந்ததும் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். தேற்றம் எப்படியும் சரியாகத்தான் இருக்கும்.

“இருக்கும்தான். ஆனா நமக்குத் தெரியாதே” என்றாள் அவள். “யாராவது நம்பி இது மேல ஒரு மாடி கட்டிட்டா என்ன பண்றது?”

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு, “சரி, சொல்லிடுங்க. என் பேரையும் சேர்த்தே சொல்லுங்க மேடம். உங்க தப்பு மாதிரி ஆக வேணாம்” என்றார்.

கருத்தரங்கு நடந்தது மேலும் கீழும் தள்ளக்கூடிய நீளக் கரும்பலகைகள் கொண்ட பழைய வகுப்பறையில். முன்வரிசையில் ஒரு பேராசிரியை. நரைத்த கிராப்பு, தோளில் நழுவும் சால்வை. இத்துறையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்; மீதிப் பேர் அவரிடம் கேள்வி வாங்கியவர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். காலையில் அப்படி ஒருமுறை கழற்றியதில், பேசிக்கொண்டிருந்த ஓர் ஆள் தம் கடைசி மூன்று படங்களைக் காட்டாமலே இறங்கிப்போயிருந்தார்.

மதியம் அவள் முறை வந்தது. விதிகளைச் சொன்னாள். தேற்றத்தைச் சொன்னாள். இரண்டு பாதிகளையும் படம் போட்டு விளக்கினாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, “இதுல ஒரு நிலையை நாங்க நிரூபிக்கல. அவர் பண்ணியிருப்பார்னு நான் நினைச்சேன், நான் பண்ணியிருப்பேன்னு அவர் நினைச்சார். ரெண்டு பேரும் ‘இதேபோல்’னு எழுதிட்டோம்” என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் காது சூடேறியது. சிரிப்பு சற்று அடங்கிய பிறகுதான் அதன் தினுசு புரிந்தது; அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிந்ததைக் கேட்டதும் தன் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தவர்களின் சிரிப்பு அது.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ அந்த நிலையில உங்க தேற்றம் சரியா, தப்பா?”

“ஒரு நிமிஷம்” என்றாள், பழக்கத்தில். அந்த நிமிஷம் நீண்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். “தெரியல. நாளைக்குக் கடைசி மணி நேரத்துல சொல்றேன்” என்றாள்.

அந்தக் கருத்தரங்கில் கடைசி நாளின் கடைசி மணி நேரத்தை முடியாத கேள்விகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பலகைக்குப் போகலாம். பேராசிரியை எழுந்துபோய்ப் பலகை ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதி, அழிக்கக் கூடாது என்பதற்காகச் சுற்றிக் கட்டம் போட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கணவர் கவலையாகக் கேட்டார். “பட்டம் போயிடுமா?”

“தேற்றம் தப்புன்னா போகலாம்.”

“தப்புன்னு நீங்களே எந்திரிச்சு நின்னு சொன்னீங்களா அண்ணி? எங்க ஆபீஸ்ல காணாமப்போன பார்சலைக்கூட இன்னிவரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கிட்டதில்ல” என்றாள் நாத்தனார். குரலில் கேலி பாதிதான் இருந்தது. சனிக்கிழமை இல்லாவிட்டாலும் மேசையைத் துடைத்து வைத்தாள். சமையல் வேலை அன்று அண்ணன் தலையில் விழுந்தது.

சாப்பாடு ஆவதற்குள் அவள் உடைத்துவிட்டாள், தன் தேற்றத்தைத்தான். இரண்டு நிரல்களும் ஒரே சமயத்தில் கேள்வி அனுப்பினால், வந்துசேரும் கேள்வியை இரண்டுமே தத்தம் கேள்விக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொள்ள முடியும். ‘பதில் வந்தாச்சு’ என்று ஆளுக்கொரு வழியில் போய், கடைசியில் ஒன்று வராத செய்திக்காக நின்றுகொண்டே இருக்கும். நான்கே வரி உதாரணம். தேற்றம் தப்பு. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பட்டம் போயிற்று என்ற எண்ணம் வந்தது. கூடவே, இதைக் கண்டுபிடித்தது நான் என்ற எண்ணமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை உரைகளுக்குப் போகாமல், பக்கத்துக் காலி வகுப்பறையில் கூட்டாளியைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அங்கே தம் காலை வகுப்புகளைச் சக ஆசிரியரிடம் தள்ளிவிட்டிருந்தார். விதிகளோடு இன்னும் ஒன்று வேண்டும்: செய்திகள் குறுக்கே கடந்துவிட்டால் எது விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். அந்த விதி போதுமா? இந்தமுறை பாதி போட்டுக்கொள்ளவில்லை. முழு நிரூபணத்தையும் அவள் தனியாக, அவர் தனியாக எழுதி, வரிக்கு வரி போனில் படித்து ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் கூட்டாளி, “இங்க இதே...” என்று தொடங்கி, “இல்ல, எழுதிடறேன்” என்றார்.

கடைசி மணி நேரத்துக்குக் கணவர் வந்திருந்தார். கடையை மதியமே பூட்டிவிட்டுக் கடைசி வரிசையில், திருமணப் பேச்சுக்கு வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கட்டத்துக்குப் பக்கத்தில் நான்கு வரிகளை எழுதி, “தேற்றம் தப்பு” என்றாள். அதன் கீழே புதிய விதியை எழுதி, “இது இருந்தா சரி” என்றாள். பிறகு மேல் பலகையிலிருந்து தொடங்கி, எதையும் விடாமல், கீழ்ப் பலகை முடியும் வரை நிரூபித்தாள். ஒதுக்கிய நேரம் தாண்டியது. அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மணியை அடிக்கவில்லை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்து சாயங்காலம் என் பழைய கட்டுரை ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு இடத்துல ‘இதேபோல்’ போட்டிருக்கேன்” என்றார். “ஒண்ணு சரி. இன்னொண்ணுக்கு உங்க விதி வேணும். எடுத்துக்கலாமா?”

அவள் திரும்பி, எழுதியதை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “ஒரு நிமிஷம்” என்றாள். உண்மையிலேயே ஒரு நிமிஷம்தான். “எடுத்துக்குங்க. எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டுருங்க.”

கைதட்டல் கடைசி வரிசையில் தொடங்கியது என்றால் கணவர் மறுப்பார். ஆனால் அங்கேதான் தொடங்கியது.

திருத்திய கட்டுரை வெளிவந்தது, பட்டமும் வந்தது. கட்டுரையில் ‘குறுக்கே கடக்கும் நிலை’ என்று தனியாக ஒரு பகுதி. காலையில் குளியலறைக் கதவுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்ற தங்கள் வீட்டுப் பிரச்சினையைப் பார்த்துத்தான் அண்ணிக்கு அந்த விதி தோன்றியது என்று நாத்தனார் தபால் அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அது உண்மையில்லை. அண்ணி அதை மறுக்கவும் இல்லை. மேசை துடைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

பிரின்டர்கள் இன்னும் படியேறி வருகின்றன. ஸ்க்ரூடிரைவரைத் திருகிக்கொண்டே கணவர் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்கிறார்:

“பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருந்தாங்க சார். கேள்வி கேட்டாங்க. தெரியலன்னு சொன்னா. மறுநாள் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொன்னா.”