சிசிலியனுக்கு எதிரே எதை ஆடுவது

விதி ஒன்பது: 'ஆட்டக்காரரின் குடும்பத்தில் நோயோ மரணமோ நேர்ந்தால், தகவல் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குக் கடிகாரம் நிற்கும்.' பொருந்தியிருக்க வேண்டிய விதி இது. நான் எடுத்தாண்டது விதி ஏழு: 'பத்து நாளுக்குள் பதில் நகர்த்தல் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆட்டம் எதிராளிக்கு.' இரண்டையும் வரைந்தவன் நான்தான். விதி ஒன்பதின் அடியில் 'தகவல் தபால் மூலம் மட்டுமே' என்று ஒரு பிற்சேர்க்கையையும் நானே ஒட்டவைத்திருந்தேன்.

விதிகளில் கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். நானும், கொல்கத்தா அலிப்பூர் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு வங்காளியும். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் தாதா, அண்ணன். அவர் என்னை 'மொஷாய்' என்பார், நம் ஊர் 'ஐயா' மாதிரி. அந்த மரியாதையில் பாதி கிண்டல். சாப்பாட்டு இடைவேளைகளில் தொடங்கிய சதுரங்கம், ஓய்வு பெற்ற பிறகு அஞ்சலட்டையில் தொடர்ந்தது. ஏனென்றால் அவர் மனைவியோடு சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தமிழனான நான் ஜாதவ்பூரில் பிறந்து ஜாதவ்பூரிலேயே கிடக்கிறேன். இலிஷ் மீன் இல்லாமல் மழைக்காலத்தை ஒப்புக்கொள்ளாதவர் வேளச்சேரியில் புடலங்காய்க் கூட்டு சாப்பிட்டார். "நம்ம ரெண்டு பேர் டிரான்ஸ்ஃபர் ஆர்டரையும் யாரோ கவர் மாத்திப் போட்டுட்டாங்க மொஷாய்" என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தார்.

நான் வெள்ளை ஆடும்போதெல்லாம் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவேன், இ4. அவர் தவறாமல் சிசிலியன் தற்காப்பை ஆடுவார், அதாவது சி5. உலகத்தில் பாதிப் பேர் ஆடும் பதில்தான். அதற்கு எதிரே வெள்ளைக்கு இரண்டு வழி. குதிரையை வெளியே கொண்டுவந்து, டி4 என்று ராணியின் சிப்பாயைத் தள்ளி, நடுப்பலகையைத் திறந்துவிடுவது முதல் வழி. பிறகு இரண்டு ராஜாக்களும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்க, யார் முதலில் அடுத்தவர் வாசலை உடைக்கிறார்கள் என்று ஓடவேண்டும். மற்றது, சி3 என்று ஒரு சின்னச் சிப்பாயை அடக்கமாக நகர்த்தி, ரத்தக்களறி இல்லாமல் பார்த்துக்கொள்வது. நான் எப்போதும் சி3.

"அக்டோபர்லயே சிப்பாய்க்கு மங்கி கேப் மாட்டிவிடறீங்களே மொஷாய்" என்பார் அவர். "ஒரே ஒரு தடவை டி4 ஆடிக் காட்டுங்க. தோத்தா நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஆடவில்லை. சி3 ஆடி, மெதுவாக, கௌரவமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

கோடையில் அவருடைய அட்டைகள் நின்றன. பத்து நாள் ஆனது. நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த வாரம் என் மனைவி சமையலறையிலிருந்து, "ஏன்னா, அவர் பொண்ணு ஃபோன்ல ஏதோ அனுப்பியிருக்கா போலிருக்கு, என்னன்னு பாருங்கோளேன்" என்றாள்.

"ஃபோன்ல நகர்த்தல் அனுப்பினா செல்லாது. தபால்ல வரட்டும்."

"செல்லாதுன்னா படிக்கவும் கூடாதா?"

படிக்கவில்லை. அவர் தோல்விக்குச் சாக்குத் தேடுகிறார், மகளைத் தூது விடுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் சாக்கு தேவைப்பட்டது எனக்குத்தான். அந்த ஆட்டத்தில் நான் ஒரு சிப்பாய் குறைவு, இன்னும் பத்து நகர்த்தலில் ராஜினாமா செய்ய வேண்டிய நிலை. கெடு முடிந்த அன்றே எழுதினேன்: 'விதி ஏழின்படி ஆட்டம் எனக்கு. கோப்பு மூடப்படுகிறது.' பல வருடங்களில் என் முதல் வெற்றி. அதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து மனைவி என் கைப்பேசியைத் தானே எடுத்துப் படித்தாள். என் எதிரே வைத்தாள். தாதாவின் மனைவி இறந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தொலைபேசியில் மகள்தான் எடுத்தாள். "அப்பா பேசமாட்டேங்கறார் காக்கு" என்றாள். வங்காளத்தில் காக்கு என்றால் சித்தப்பா. அந்தப் பெண்ணுக்குக் கோபமாகப் பேசத் தெரியாது, அதனால் நடந்ததை மட்டும் சொன்னாள். சிராத்தத்தன்று காலையில் என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இறப்புக்குப் பிறகு கொல்கத்தாவிலிருந்து வந்த முதல் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும், "மொஷாய் எழுதியிருக்கார்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, உறவினர்கள் நடுவில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருக்கிறார்.

இரங்கல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பணியில் இருந்தபோது இறந்த ஊழியர்களுக்கெல்லாம் அலுவலகச் சார்பில் இரங்கல் வரைவு தயாரித்தவன் நான். எப்படித் தொடங்கினாலும் அதே சுற்றறிக்கைதான் வந்தது. நான்கு தாள்களைக் கிழித்தேன். மனிதர்களுக்கு எழுத எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒரு நகர்த்தல்தான் என்று அப்போது புரிந்தது. அறுபத்தெட்டு வயதில் இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா என்றும் தோன்றியது.

புது ஆட்டம், வெள்ளை எனக்கு. அவர் பதில் எழுதினால் சி5தான் வரும். அதற்கு எதிரே எதை ஆடுவது? பழக்கம் விடுமா, ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். சி3: பத்திரம், தெரிந்த வழி, அவர் வெறுப்பது. இன்னொரு மூடிய முறை: அதைவிடப் பத்திரம், அவர் இன்னும் வெறுப்பது. டி4: ஆபத்து, எனக்குத் தெரியாது, அவர் முப்பது வருடமாகக் கேட்டது. பரிந்துரைப் பத்தியைக் காலியாக விட்டேன். ஒரு மாதம் தினமும் மதியம் பலகையை விரித்து டி4 பழகினேன். பதினைந்தாவது நகர்த்தலுக்குள் என் ராஜா நடுத்தெருவில் நின்றான், ஒவ்வொரு நாளும். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய சி5 வந்தால், பயத்தில் என் கை தானாகச் சி3 எழுதிவிடும்.

தபால் ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. 'நீங்கள் இதை ஆடினால் நான் இதை' என்று முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அதை என் கையைக் கட்டும் கயிறாக எடுத்துக்கொண்டேன். 'இ4. நீங்கள் சி5 ஆடினால், குதிரை எஃப்3. அதற்கு நீங்கள் டி6 ஆடினால், டி4.' அடியில் 'மன்னிக்கவும்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எந்த விதியும் கேட்கவில்லை.

பத்து நாள் போயிற்று. இருபது போயிற்று. நினைவூட்டல் அனுப்ப எனக்கு உரிமை இருந்தது. அந்த எண்ணம் வந்ததற்கே என்னை அறைந்துகொள்ளத் தோன்றியது. தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன். "காக்கு, இருந்தா நான் தரமாட்டேனா? பெட்டியில வெச்சு அடைகாக்கவா போறேன்?" என்றார். துர்கா பூஜைக்கு எங்கள் தெருவில் பந்தல் கட்டினார்கள், டாக்கு மேளம் அடித்தார்கள், விசர்ஜனம் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். விஜயதசமிக்கு வருடம் தவறாமல் அவரிடமிருந்து வரும் வாழ்த்து அட்டையும் வரவில்லை. "சென்னைக்கு ஒரு டிக்கெட் போடுங்கோ, நேர்ல போய் நில்லுங்கோ" என்றாள் மனைவி. போய் நின்று என்ன சொல்வது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து பலகையை விரிக்கவே முடியவில்லை.

பிறகு ஓர் அட்டை வந்தது. கையெழுத்து அவருடையதுதான். 'சி5. நிபந்தனைகள் ஏற்கப்படவில்லை. ஓர் அட்டைக்கு ஒரு நகர்த்தல்.' அவ்வளவுதான். மொஷாய் என்ற சொல் இல்லை.

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் மனைவி.

"எதை ஆடறதுன்னு என்னையே முடிவு பண்ணச் சொல்லியிருக்கார்."

கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரண்டாவது நகர்த்தல் மறுபடி என் கையில், சி3யும் அங்கேயே இருக்கிறது. பதில் எழுத எனக்குப் பத்து நாள். எண்ணத் தொடங்கவேண்டிய தேதி, அட்டை வந்து சேர்ந்த தேதி: லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள், புதன்கிழமை.