செயலாளருக்கு இன்னொரு தொண்டை

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான்: தான் பேசினால் நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மாடிக்கு மாடி ஒலிபெருக்கி மாட்டத் தீர்மானம் போட்டவரே அவர்தான். குப்பையைப் பிரித்துப் போடு, செருப்பை வாசலில் பரப்பாதே என்று காலை முதல் முழங்கியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் இணையத்தில் ஒரு மென்பொருள் அகப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் குடைந்து பார்க்கட்டும் என்று யாரோ புண்ணியவான்கள் இலவசமாக விட்டிருந்தார்கள். குரல் மாதிரி கொடுத்தால், எழுதிப் போடுவதையெல்லாம் அதே குரலில் பேசுமாம். மாதிரிக்கா பஞ்சம்? சங்கக் கூட்டங்களில் அவர் ஆற்றிய உரைகள் மலையாகக் கிடந்தன. அத்தனையையும் கடைசி வரை கேட்ட முதல் ஜீவன் அவருடைய கணினிதான்.

முதலில் வந்த குரலைக் கேட்ட மனைவி, "இது நீங்க இல்லீங்க. ரொம்பத் தன்மையா பேசுது," என்றார். செயலாளர் விடுவாரா? மேசையைத் தட்டிக் கத்திய பதிவுகளாகப் பொறுக்கிப் போட்டார். செருமல், பெருமூச்சு, "யாராவது கேக்குறீங்களா?" என்ற அங்கலாய்ப்பு வரை அச்சு அசலாக வந்துவிட்டது. அந்தக் குரலை ஒலிபெருக்கிகளில் நாள் முழுக்க ஓடவிட்டார். அதன்பின் அந்தக் கட்டடத்தில் நிம்மதி என்பது செவிடருக்கும்கூட இல்லை.

ஒரு மத்தியானம் லிஃப்ட் அவரைச் சுமந்துகொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அவர் பதறவில்லை. லிஃப்டின் அவசர மைக்கை ஒலிபெருக்கிகளோடு இணைத்த தீர்க்கதரிசியும் அவரே.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூச்சு முட்டுது. யாராவது கேக்குறீங்களா?"

எல்லா மாடியிலும் தெளிவாக ஒலித்தது. மேல்மாடிப் பல்மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார். செயலாளர் பயந்து அழுதேவிட்டார். அதுவும் நன்றாகத்தான் ஒலித்தது.

கடைசியில் பார்சல் கொடுக்க வந்த ஒருவர்தான் காவலாளியை இழுத்து வந்து கதவைத் திறக்க வைத்தார். வெளியாள், பாவம், அவருக்கு அந்தக் குரல் பழக்கமில்லை.

வீடு திரும்பிய செயலாளர் கணினியை முறைத்தார். "எல்லாம் இந்தச் சனியனால வந்த வினை. நான் கத்தினத மெஷின்னு நெனச்சு விட்டுட்டாங்க. நீகூட வரல."

மனைவி தண்ணீரை நீட்டினார்.

"மெஷின்னு யாருங்க நெனச்சா? நீங்கதான் பேசுறீங்கன்னு நல்லாவே தெரிஞ்சுது. அதனாலதான் என்ன சொல்றீங்கன்னு யாரும் கேக்கல."