பெல்ட் எடுக்கப் பெல்ட் வேண்டும்

விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். லாரிதான். ஆனால் அதன் பெட்டி கத்தரிக்கோல் மாதிரிக் கால்களை நிமிர்த்தி, இரண்டு மாடி உயரம் எழும்பி, விமானக் கதவோரம் போய் நிற்கும். பெட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் நின்று வேலை செய்கிறவர்கள் விழாமல் இருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் இதைக் கல்லூரியில் படிக்கவில்லை. விழுந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

எங்கள் பட்டறை திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. சுவரில் என் கையாலேயே பெயின்டில் எழுதியிருக்கிறேன்: ‘இரண்டு மீட்டருக்கு மேல் பெல்ட் இல்லாமல் ஏறாதே.’

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குப் பக்கத்துத் தெரு ஆடு உள்ளே வந்து, மாலை, பொரி, வாழைக்கன்று மூன்றையும் தின்றுவிட்டு, யார் வைத்தார்களோ, நெற்றியில் சந்தனப் பொட்டோடு திரும்பிப் போனது. மறுவருஷம் ஃபோர்மேன் சொல்லிவிட்டார்: “சாமி இந்த வாட்டி ஆட்டுக்கு எட்டாத எடத்துல.” வண்டிப் பெட்டியை முழு உயரத்துக்குத் தூக்கினோம். தட்டில் சாமி படம் வைத்தோம். பூஜையில் கருவிகளை வைப்பதுதானே வழக்கம், ஸ்பேனர், ஹெல்மெட், இருக்கிற சேஃப்டி பெல்ட் அத்தனையும் படத்துக்கு முன்னால் அடுக்கினோம். வண்டிச் சாவியும் அங்கேதான். கடைசியாகக் கற்பூரத் தட்டை ஒரு கையில் ஏந்தி, தரையில் சிந்திய குங்குமத்தை மிதித்த வெறுங்காலோடு ஏணியில் ஏறியவன் நான். அப்போது அது ஏறுவதாகவே தோன்றவில்லை. பூஜையாகத்தான் தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மறுபூஜை போட்டுக் கருவிகளை எடுத்திருக்க வேண்டும். பூக்காரர் வரும்போது மணி பத்து நாற்பது. ராகுகாலம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று ஃபோர்மேன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தேர்வு வைக்கிற அதிகாரி வந்து இறங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கி வந்தவர். பன்னிரண்டுக்கு அவர் கிளம்பியாக வேண்டும். தேர்வு எங்கள் வண்டி ஓட்டும் அம்மாவுக்கு. ஆறு வருஷம் சாப்பாட்டுத் தட்டு கழுவி, பிறகு இந்த வண்டிக்கு வந்தவர். உயர வேலைக்கான அவர் பாஸ் அன்று மாலையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் தட்டு கழுவத்தான் போக வேண்டும்.

“பெல்ட்டைப் போடுங்க, ஆரம்பிக்கலாம்” என்றார் அதிகாரி.

நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம். அவரும் பார்த்தார்.

“ஏனுங்க, பெல்ட் எதுக்குங்க அங்க போச்சு?”

“பூஜைல கீது சார்” என்றார் அந்த அம்மா.

“வண்டியக் கீழ எறக்குங்க.”

“சாவியும் அங்கதான் கீது.”

“அப்ப யாராச்சும் ஏணில ஏறி எடுங்க.”

அதிகாரி நின்றது சரியாகச் சுவரில் நான் எழுதிய வரிக்குக் கீழே. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “இன்னா அண்ணாத்தே, பெல்ட்டு மேல கீது, நான் கீழ கீறேன். பெல்ட்டு எடுக்க பெல்ட்டு வோணும். நீ எழுதின எழுத்துதான்.”

அதிகாரி ஏணியை உற்றுப் பார்த்தார். படி தவறாமல் குங்குமத்தில் வெறுங்கால் தடம். “இது யாருதுங்க?”

பார்க்காத மாதிரி நிற்க நினைத்தேன். என் கால் விரல் இடுக்கில் இன்னும் குங்குமம். “என்னுது சார்” என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். நீளமாகவே எழுதினார்.

மணி பதினொன்றே கால். அந்த அம்மா சட்டென்று வண்டியைச் சுற்றிப் போனார். எஞ்சின் செத்துப்போனால் பெட்டியை இறக்க, அடியில் கையால் திருகுகிற வால்வு ஒன்று உண்டு. சாவி வேண்டாம். தேர்விலும் அது ஒரு கேள்வி.

ஃபோர்மேன் எழுந்தார். “ராகுகாலத்துல தொடக் கூடாதும்மா.”

“சாமியயும் தொடல, சாமானயும் தொடல. அதுவா எறங்கி வருது. வரவேணாம்னு நீயே சொல்லு.”

சாமியிடம் அப்படிச் சொல்ல ஃபோர்மேனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த அம்மா சுற்றிலும் எச்சரிக்கைக் கோன் வைத்தார், எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார், வால்வைத் திருகினார். உஸ்ஸென்று எண்ணெய் இறங்க, படம், மாலை, பூசணிக்காய், பொரி, பதினான்கு பெல்ட், எல்லாம் ஒரு ஆட்டமில்லாமல் மெல்ல இறங்கி வந்தன. அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தட்டு நின்றதும் பாதுகாப்பு விதி ஞாபகம் வந்து அவசரமாக மாட்டிக்கொண்டார்.

“வூடு தேடி வந்து குடுக்குது, வாங்காம இருக்கலாமா?” என்று அந்த அம்மா ஒரு பெல்ட்டை எடுத்து, சந்தனப் பொட்டோடே மாட்டினார். சாமியை மேசைக்கு மாற்றிவிட்டு, பெட்டியை ஏற்றினார், கொக்கியை மாட்டினார், தட்டில் நடந்தார், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரி பாஸில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க முதல்ல இருந்து படிக்கோணுமுங்க. கேள்வி கேக்க இந்தம்மாவே போதும்.”

புதிதாகச் சேருகிறவர்கள் பாடம் கேட்க உட்காரும் பெஞ்சில் என்னை உட்காரவைத்தார்கள். அந்த அம்மா பெல்ட்டைக் கழற்றாமலேயே எதிரில் நின்றார்.

“ஏணில எத்தினி கையால புடிக்கணும் அண்ணாத்தே?”

“ரெண்டு கையால.”

“அப்ப கற்பூரத் தட்டு?”

“கயிறு கட்டி மேல இழுக்கணும்.”

“அணையாதா?”

அது பாடத்தில் இல்லை என்றேன். அதிகாரி வாட்சைப் பார்த்துக்கொண்டே, அதையும் எழுதிக்கொண்டார்.