பிழைத்த பதினேழு

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகக் கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர் வைத்தவள். எலியின் வயிற்றை விரலால் லேசாக அழுத்தியே மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் நாற்பது எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸை ஏற்றினார்கள். நோய் பிடித்ததும் பாதிக்கு மட்டும் வைத்தியம். அந்த வைரஸை எதிர்க்கப் பழகிய வேறு எலிகளைக் கொன்று, அவற்றின் ரத்தத்தில் நோயோடு போராடும் டி செல்களைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினார்கள். ஊசி கிடைக்காத இருபதும் ஒரே மாதத்தில் சுருண்டன. கிடைத்தவற்றில் பதினேழு பிழைத்து, பளபளவென்று ஓடித் திரிந்தன.

அவள் தம்பிக்கும் ரத்தப் புற்றுநோய்தான். லாரி மெக்கானிக், ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். சந்தோஷம் தாங்காமல் எலிகள் பிழைத்ததை அவனிடம் உளறிவிட்டாள்.

“உங்க மேடத்துகிட்ட கேளுக்கா. எனக்கும் அதையே போடட்டும். செத்தா கேஸ் போட மாட்டேன்” என்று சிரித்தான்.

மறுநாள் கேட்டாள். ஆராய்ச்சியை நடத்தும் மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அது வைரஸால வந்த நோய்க்கு, அதுவும் எலிக்கு. உங்க தம்பிக்கு வந்தது வேற. அந்தப் பதினேழையும் இன்னைக்கே முடிச்சிடுங்க. சோதனைக்கு வச்ச அறுபது நாள் ஆயிடுச்சு.”

“அதெல்லாம் பிழைச்சதுங்க, மேடம்.”

“பிழைச்சிருக்கான்னு அறுத்துப் பார்த்தாதானே தெரியும்?”

மதியத்துக்குள் கரியமில வாயு நிரப்பும் பெட்டியில் போட்டு முடித்தாள். கைக்குப் பழகிப்போன எலிகள், ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

சாயங்காலம் தம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்காங்கடா” என்றாள்.

ஒன்பது நாள், ஊசியோடு வந்த ஒவ்வொரு நர்ஸிடமும் “இதுதானா அது?” என்று கேட்டான். பத்தாம் நாள் கேட்கவில்லை. அன்று மத்தியானம் போய்விட்டான்.

உடலை எடுப்பதற்கு முன்பே தம்பி மனைவி எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

“எலிக்கெல்லாம் கிடைச்சது இவருக்குக் கிடைக்கலையே அண்ணி. வேலை போயிடும்னு பயந்துட்டீங்களா?”

பதில் சொன்னால் பொய் சொன்னதும் வெளியே வரும். அன்றோடு அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது.

வேலையை அவள் விடவில்லை. அடுத்த நாற்பது எலிகள் அந்த வாரமே வந்து இறங்கின.